படத்துக்கு முன்னால் பத்து நிமிஷம்

ஆரம்பாக்கம்
14-3-1972

சிரஞ்சீவி ராஜவேலுக்கு, உன்னைப் பெற்ற நைனா தேசப்பன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இவ்விடம் சுகம், அவ்விடம் சுகத்துக்கு எழுதவும் என்றுதான் ஊரில் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு இரண்டாவது பாதி போதும். நீ சுகமா? உன்னுடைய கடைசிக் கடிதம் தீபாவளிக்கு முன்னால் வந்தது. அதற்கப்புறம் எல்லையில் சண்டை வந்து, முடிந்து, பொங்கலும் போய்விட்டது. கெட்ட சேதி என்றால் தந்தி வந்திருக்கும், வராததே நல்ல சேதி என்று போஸ்ட்மாஸ்டர் வீரராகவன் சொல்கிறார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு முத்திரை குத்தப் போய்விடுவார். வீட்டில் இருப்பவர்களுக்குத்தானே தெரியும்.

இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் உன் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. நானாக எழுதும் முதல் கடிதம் இது. நம் இருவருக்கும் நடுவில் இருப்பது இருக்கட்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன் அக்கா ரத்னா பொன்னேரியில் மாப்பிள்ளையோடு சௌக்கியமாக இருக்கிறாள், மாதம் ஒருமுறை ரயிலேறி வந்து அம்மாவோடு சண்டை போட்டுவிட்டுப் போகிறாள். செவலைப் பசு கன்று ஈன்றது. இந்த வருஷம் ஏரியில் இறால் நன்றாக விழுவதால் ஏரிக்கரைப் பையன்கள் கையில் நாலு காசு புழங்குகிறது. அந்தக் காசு எங்கே வருகிறது என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? நேராக நம் டாக்கீஸுக்குத்தான்.

வாஹித் பாய் தை மாதம் மறுபடியும் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்டார். டாக்கீஸ் கேட்டில் வழக்கம்போல் நான்தான். டிக்கெட் கிழிப்பது பாதி வேலை, உள்ளே நின்று அந்த வானரக் கூட்டத்தை மேய்ப்பது மீதிப் பாதி. நீ பார்க்காத கூட்டமா? ஒருத்தன் மணலைக் குவித்து மேடை கட்டி அதன்மேல் உட்காருவான், பின்னால் இருப்பவன் அதைக் காலால் கரைப்பான். சண்டை வந்தால் விசில், பாட்டு வந்தால் விசில். ரீல் அறுந்தால் ஆபரேட்டர் ஆதிநாராயணனின் ஏழு தலைமுறைக்கும் அர்ச்சனை. பெண்கள் பக்கத்தில் அங்காளம்மாள், அடுத்து யார் சாகப் போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லி அழ ஆரம்பித்துவிடுவாள். எல்லோருக்கும் தலைவன் ஏரிக்கரைச் சடையப்பன். பகலெல்லாம் படகு தள்ளிவிட்டு வந்து, பெஞ்சுமேல் ஏறி நின்று அவன் அடிக்கிற விசிலுக்கு அடுத்த ஊர் தடா வரைக்கும் நாய் குரைக்கும்.

அதிலும் படத்துக்கு முன்னால் நியூஸ் ரீல் ஓடும் பத்து நிமிஷம் இருக்கிறதே, அதற்கு அரசனும் கிடையாது, ஆண்டியும் கிடையாது. அணையைத் திறந்தாலும் சரி, மந்திரி மாலை போட்டாலும் சரி, ‘படத்தைப் போடு’ என்று ஒரே கூச்சல். இடம் பிடிப்பது, கடலை வாங்குவது, பங்காளியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாம் அப்போதுதான். நானும் அந்த நேரத்தில் திரையைப் பார்த்தவன் இல்லை. கூட்டத்தைப் பார்த்து நிற்பதுதான் என் பிழைப்பு.

போன புதன்கிழமை முதல் ஆட்டத்தில் மட்டும் திரும்பி நின்றேன். சண்டை முடிந்து நம் ஜவான்கள் திரும்பி வருகிற ரீல் என்று ஆதிநாராயணன் சொல்லியிருந்தான். லாரிகள் வரிசையாக வந்தன. மூன்றாவது லாரியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்த பையன் தலையைத் திருப்பிச் சிரித்தான். கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் செய்ததை உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. பெஞ்சுகளுக்கு நடுவே ஓடி, மெஷின் வெளிச்சத்துக்குக் குறுக்கே நின்று, “டேய் ராஜவேலு! தோ எம்புள்ள! எம்புள்ள போறான் பாருங்கடா!” என்று கத்தினேன். திரை முழுக்க என் நிழல்தான், முண்டாசும் தடியுமாக. நாலு பக்கத்திலிருந்தும் “யோவ், குந்துயா!” என்று சத்தம். அது நான் என்று தெரிந்ததும் கைதட்டிச் சிரித்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வெளிச்சத்தை மறைத்தவன் வெளியே போக வேண்டும் என்று சட்டம் போட்டவன் நான். யாரும் சொல்லாமல் நானே வெளியே வந்து படுதா ஓரமாக நின்றேன்.

சடையப்பன் பின்னாலேயே வந்தான். கேலி செய்யத்தான் வருகிறான் என்று நினைத்தேன். “இன்னாண்ணே, மெய்யாலுமே நம்ம ராஜவேலா?” என்று கேட்டான். தலையை ஆட்டினேன். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனான். வழக்கம்போல் பெஞ்சுமேல் ஏறினான். “ஒருத்தனும் வாயத் தொறக்கக் கூடாது. அண்ணன் புள்ள பட்டாளத்துல கீறான். தீவாளிலேர்ந்து லெட்டர் இல்லாம பேஜாராயி கெடக்குறாரு. ஆதி, இன்னொரு தபா சுத்திப் போடுபா” என்றான்.

ரீலைத் திரும்பச் சுற்ற ஐந்து நிமிஷமாவது ஆகும். ரீல் அறுந்தால் அரை நிமிஷம் பொறுக்காத கூட்டம், அந்த ஐந்து நிமிஷமும் இருட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தது. மறுபடி லாரி வந்தது. மறுபடி அவன் சிரித்தான். பக்கத்தில் நின்ற சடையப்பன் என் தோளைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் அம்மாவை அழைத்துப் போனேன். ஆட்டம் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே கூடாரம் நிறைந்துவிட்டது. நியூஸ் ரீலுக்காக நேரத்தோடு வந்து உட்கார்ந்த கூட்டத்தை நான் அன்றுதான் பார்த்தேன். பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் அங்காளம்மாள் இடம் பிடித்து வைத்திருந்தாள். ஒரு கைக்குழந்தை சிணுங்கியது, தாய்க்காரி தானாக எழுந்து வெளியே போய்விட்டாள். மணலில் மேடு கட்டியிருந்தவன் தன் கையாலேயே அதைக் கலைத்தான். எல்லோர் மடியிலும் வேர்க்கடலை இருக்கிறது, ஒருத்தன்கூடத் தோலை உடைக்கவில்லை. அங்காளம்மாள்கூட அடுத்து என்ன வரும் என்று சொல்லவில்லை. நம்புவாயா?

நேற்றோடு ஆறு நாள். ஒவ்வொரு முதல் ஆட்டத்திலும் அப்படித்தான். அந்தப் பத்து நிமிஷம் முடிந்ததும் பழைய குருடி கதவைத் திறடி, விசில் கூரையைப் பிய்க்கும். நானும் தடியைத் தூக்கிக்கொண்டு திட்டுவேன். வெள்ளிக்கிழமையே திரும்பிப் போக வேண்டிய நியூஸ் பெட்டியை வாஹித் பாய் மெட்ராஸுக்குச் சொல்லி அனுப்பி நிறுத்தி வைத்திருக்கிறார். “வியாழக்கெழம வரைக்கும் இங்கதான் இருக்கும், ஊட்டுக்காரம்மா ஆசை தீரப் பாக்கட்டும்” என்றார். நான் கேட்கவே இல்லை.

பத்து வருஷமாகத் தடியைக் காட்டியும், பேட்டரி லைட்டை முகத்தில் அடித்தும் ஒரு நாள்கூட இவர்களை என்னால் அடக்க முடிந்ததில்லை. மரியாதை தெரியாத ஜன்மங்கள் என்று பள்ளிப்பட்டிலிருந்து பழவேற்காடு வரை பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் வாயை எதைப் போட்டுக் கழுவுவது? இவர்கள் காலில் விழலாம் போல இருக்கிறது, ராஜவேலு. ஆனால் விழுந்தால் அதற்கும் விசில் அடிப்பார்கள்.

இனிமேல் சொல்வதைப் பதறாமல் படி. நேற்று அம்மாவை அவள் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, நான் திரைக்கு அருகே போய் மணலில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பையன் சிரித்தபோது பல் தெரிந்தது. நீ சின்ன வயசில் கிட்டிப்புள் பட்டு முன்பல் ஒன்றைப் பாதி உடைத்துக்கொண்டவன். அவனுக்குப் பல்லெல்லாம் முழுசாக, வரிசையாக இருந்தது. நெற்றியும் கன்னமும் உன்னை உரித்து வைத்தது போலத்தான். ஆனால் நீ இல்லை.

ஆட்டம் முடிந்ததும் ஆதிநாராயணனிடம் போய், இனிமேல் சுற்ற வேண்டாம், ஆள் மாறிவிட்டது என்றேன். அவன் கும்மிடிப்பூண்டி ஸ்கூலில் உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். நிமிர்ந்து பார்க்காமல் மெஷினைத் துடைத்துக்கொண்டே, புதன்கிழமையே பிலிமை பல்புக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டதாகச் சொன்னான். “எனுக்கு அன்னிக்கே தெரியும். சடையப்பங்கிட்டயும் சொன்னேன். ஊருக்கே தெரியும். உங்ககிட்ட போயி யாரு நைனா சொல்றது?” என்றான்.

தெரிந்தேதான் அத்தனை பேரும் நேரத்தோடு வந்தார்கள். தெரிந்தேதான் யாரோ ஒரு பையனுக்காக மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கண் சிமிட்டல் இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. சாராயம் குடித்துவிட்டு வருகிறவன்கூட வாய் தவறி உளறவில்லை. நான் ஆதிநாராயணனின் மெஷின் மேடையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வரும் வழியில் ஒன்று ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை முதன்முதலாகப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவள், “யாரு பெத்த புள்ளயோ, நல்லா இருக்கட்டும்” என்றாள். லாரியில் இருந்த வேறு யாரையோ சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். பல்லைப் பார்க்க எனக்கு ஆறு நாள் ஆயிற்று, அவளுக்கு ஒரு பார்வை போதும் போலிருக்கிறது. எனக்காகத்தான் தினமும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், “நாளிக்கும் போலாமா?” என்று கேட்டாள். சரி என்றேன். இதை முடித்துத் தபாலில் போட்டுவிட்டு இன்றைக்கும் கிளம்ப வேண்டும். நாளை மறுநாள் காலை ரயிலில் பெட்டி போய்விடும்.

இப்போது நம் விஷயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கூடாரத்தில் பெஞ்சுமேல் நின்று விசில் அடித்தவன் முகத்தில் லைட் அடித்தேன், அது நீ. வேறு எவனாவது இருந்தால் திட்டி உட்கார வைத்திருப்பேன். கேட்காரன் பிள்ளைக்கு ஒரு நியாயமா என்று நாலு பேர் பேசுவார்களே என்று, பெண்கள் பக்கம் முழுக்கப் பார்க்க உன் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். மறுநாள் காலை ரயிலில் போனவன்தான் நீ. பட்டாளத்தில் சேர்ந்ததை ஊரார் சொல்லித் தெரிந்துகொண்டேன். அன்று நான் செய்தது தப்பு. போன புதன்கிழமை நான் வெளிச்சத்தை மறைத்து நின்றபோது என் கழுத்தில் யாரும் கை வைக்கவில்லை, ராஜவேலு.

பொன்னியம்மன் உன் தலைமாட்டில் இருந்து காப்பாற்றட்டும். எங்கிருந்தாலும் வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ அம்மாவுக்கு எழுதும் கடிதங்களை அவளுக்குப் படித்துக் காட்டுவது நான்தான். அக்காவைக் கேட்டிருப்பாய், செவலையைக் கேட்டிருப்பாய், என்னைக் கேட்டு ஒரு வரி இருக்காது. கடைசியில் ‘நைனாவையும் விசாரித்ததாகச் சொல்லவும்’ என்று நானாகச் சேர்த்துப் படிப்பேன். இனிமேலாவது அதை நீ எழுத வேண்டும் என்று கேட்கவில்லை. எழுத மனசு வராவிட்டால் போகட்டும், நானே சேர்த்துப் படித்துக்கொள்கிறேன். சேர்ப்பதற்கு ஒரு கடிதம் மட்டும் போடு, கண்ணு.

உன் நைனா,
தேசப்பன்