உரைகல்லில் தேய்ந்த மாத்திரை

12.3.1984, திங்கள்
கோலாலம்பூர் ஆஸ்பத்திரியிலிருந்து மகளைச் செமோர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். பிறந்து ஒரு மாதம்தான், அதற்குள் நெஞ்சில் ஆப்பரேஷன். அதன்பிறகு இருதயத்தைச் சுற்றி நீர் கோத்ததாம். அது வற்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தினம் காலையில் அரை மாத்திரை, பொடித்துப் பாலில். மாத்திரையைப் பொடிக்க என் மனைவி செல்லாயிக்குப் பயம். "நான் பாத்துக்கிறேன் லா தம்பி, நீ வேலைக்குப் போ," என்றாள் நல்லம்மாள் அக்கா. கூடப்பிறந்தவள் பக்கத்தில் இருக்க எனக்கென்ன குறை?

15.3
குவாரியில் ஓவர்டைம். குழந்தை நன்றாகத் தூங்குகிறாளாம்.

18.3, ஞாயிறு
அது தூக்கம் இல்லை, மயக்கம்! பாலுக்கு வாய் திறக்கவில்லை, மூச்சு இரைக்கிறது. டாக்சி பிடித்து ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். திரும்பவும் நீர் கோத்திருக்கிறது.

"மருந்து குடுத்தீங்களா?" என்று கேட்டார் வார்டு நர்ஸ், மிஸி வீரம்மா.

"நாள் தவறாம மூணு உரை," என்றாள் அக்கா.

மிஸிக்குப் புரியவில்லை. அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். இந்நேரம் மூன்று தீர்ந்திருக்க வேண்டும்; இருந்தது ஓரம் மட்டும் தேய்ந்த அதே முதல் மாத்திரை. வசம்பு, ஜாதிக்காய் மாதிரி உரைகல்லில் தாய்ப்பால் விட்டு இழைத்து நாக்கில் தடவியிருக்கிறாள். பச்சைப்பிள்ளைக்கு நம் வீடுகளில் எந்த மருந்தும் அப்படித்தானே!

நான் கத்திவிட்டேன். எல்லார் முன்னாலும். "எம்புள்ளயக் கொல்லப் பாத்தியா?" — கேட்டுட்டேன். அக்காகிட்ட.

20.3
இன்னும் ஆக்சிஜன். மருந்து ஊசியில் போகிறது. முருகா, இவள எங்ககிட்டயே விட்டுடு.

22.3
பால் குடித்தாள்! கொஞ்சம்தான், ஆனால் அவளே குடித்தாள். "நீர் வத்துது. வீட்டுக்குப் போனா கல்ல மட்டும் எடுத்து வச்சிடுங்க லா," என்று மிஸி சிரித்தார். அக்கா வார்டு வாசலிலேயே நிற்கிறாள். கூப்பிட்டாலும் உள்ளே வரவில்லை.

4.4
வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து மாத்திரையை நானே பொடிக்கிறேன். அக்கா சமைக்கிறாள், துணி துவைக்கிறாள், குழந்தையை மட்டும் தொடுவதில்லை. "என் கை வேணாம் தம்பி."

13.5.1984, ஞாயிறு
மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, போன வாரம் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். நீர் இல்லை. இருதயம் நன்றாக இருக்கிறது.

இன்று தொட்டில் போட்டோம். காதில் பெயர் சொல்வது அத்தை முறை. அக்கா அடுப்படியை விட்டு நகரவில்லை. "வேற யாரையாச்சும் சொல்லச் சொல்லு."

குழந்தையைத் தூக்கிப்போய் அவள் மடியில் வைத்தேன்.

"ஐயோ, கையெல்லாம் மஞ்சத்தூளு தம்பி..."

"இருக்கட்டும். நான் பேசினது தப்புக்கா. பேரச் சொல்லு."

கோகிலவாணி. மூன்று தடவை சொன்னால் போதும். கண்ணீர் வழிய வழிய அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள்.