ஆயிரத்திலிருந்து எட்டு

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நீயும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் தையல் மெஷின்மேல் கைவைத்துச் சொல்கிறேன், இனி எழுதப்போகும் கதையை இந்த உலகத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

ஏழு மாதத்துக்கு முன்னால் என் பித்தப்பையை எடுத்தார்களே, உள்ளே இருந்த கற்களைக் கொண்டு மூன்று மாடி வீடு கட்டியிருக்கலாம். டாக்டர் வயிற்றில் நான்கு ஓட்டை போட்டு, லாரி வைத்துத்தான் அள்ளினார். நான்காம் நாள் கடைக்குப் போய் ஒரே மூச்சில் தொண்ணூறு சட்டைக்குத் துணி வெட்டினேன்.

பையைத்தான் எடுத்தார்கள். வலியை அங்கேயே விட்டுவிட்டார்கள். வலது விலாவுக்குக் கீழே, அதே பழைய இடம். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் ஒரு பட்டாளம் வந்து கூடாரம் அடிக்கிறது. முதுகு வழியாக ஏறித் தோள்பட்டையில் கொடி நடுகிறது. ஸ்கேன் எடுத்தார்கள், வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள், குடம் குடமாக ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். இவ்வளவு நல்ல ரிப்போர்ட் நான் பள்ளிக்கூடத்தில்கூட வாங்கியதில்லை.

போன மாதம் டாக்டர், பத்துக்கு எவ்வளவு வலிக்குது என்று கேட்டார். ஆயிரம் என்றேன். அவர் சிரித்தார், நர்ஸ் சிரித்தாள். கூறுகெட்ட எனக்கும் உள்ளுக்குள் ஒரே குஷி. மனசு லேசாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இந்த மாதம் ஒழுங்காகப் பேசுவது என்று முடிவுகட்டிப் போனேன். சிரிக்காமல், எட்டு என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஆயிரத்துல இருந்து எட்டுக்கு வந்துட்டீங்களே, இனிமே நீங்க வரவே வேண்டாம் என்று எழுந்து நின்று கைகொடுத்தார். சீட்டில் ‘குணம்’ என்று எழுதினார். பக்கத்தில் உன் அத்தை தலையாட்டினாள்.

வெளியே வந்ததும் அவளிடம், நெஜமாவே வலிக்குதுடி என்றேன். முப்பது வருஷமா உங்க கதையக் கேட்டுக்கிட்டிருக்கேன், இதுல எத நம்பறது எத விடறதுன்னு நீங்களே சொல்லிடுங்க என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னாள். அவள்மேல் தப்பில்லை.

வேறு டாக்டரிடம் போகலாம்தான். அவரும் முதலில் அந்தச் சீட்டைத்தான் படிப்பார்.

வெட்டும் மேஜையின் விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு நின்றால் சற்றுத் தாங்குகிறது. வருகிறவர்கள், துணியைப் பற்றி நான் ஆழ்ந்து யோசிப்பதாக நினைத்து மரியாதையாகக் காத்திருக்கிறார்கள். என் பேன்ட்டை இரண்டு முறை பிடித்துத் தைத்தாகிவிட்டது. சாப்பாட்டுத் தட்டைக் கண்டால் பயமாக இருக்கிறது.

அத்தையிடம் நீ ஒரு வார்த்தை சொல் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். வேண்டாம், விட்டுவிடு. ஒன்னையும் ஏமாத்திட்டாரா என்பாள். நீ ஒருத்தி தெரிந்துகொண்டால் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளைகளையும் பட்டினி போடாதே. எல்லாரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். மேலே எழுதியதில் கல், லாரி, சட்டை எல்லாவற்றையும் அடித்துவிடு. எட்டு என்று சொன்னது மட்டும் உண்மை. அதுவும், ஒன்பது என்றால் மறுபடி சிரிப்பார்களோ என்று பயந்து, ஒன்று குறைத்துச் சொன்னது.

இப்படிக்கு,
உன் மாமா