சாப்டாச்சா?

1962, ஞாயிறு இரவு.

காலையில் ஃபேரர் பார்க் பக்கம் நடக்கக் கிளம்பியபோது, கீழ்வீட்டுக்காரரிடம் வழக்கம்போல் "சாப்டாச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். வேலை போயிடுச்சு. நேத்துலேருந்து சாப்பிடல."

"நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வாய்ப் பழக்கம். அவர் சொன்னது நாலடி போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

"நல்லதா? சரி லா சார், நல்லதுதான்!" என்று பின்னால் சிரித்தார். திரும்பிப் பார்க்கக் கூசியது.

மாலையில் சோற்றுப் பொட்டலம் வாங்கி வந்து அவர் கதவருகே நின்றேன். உள்ளே இருமல் கேட்டது. என்னவென்று கூப்பிடுவது? இத்தனை வருடம் தினமும் சாப்பாட்டை விசாரித்தவன், ஒருநாளும் பெயரைக் கேட்டதில்லை.

தட்டாமலே மேலே வந்துவிட்டேன். பொட்டலம் மேசைமேல் ஊசிக்கொண்டிருக்கிறது. கீழே இருமல் கேட்கிறது; அவர் இன்னும் தூங்கவில்லை.