பொன்னுக்கு வீங்கிக்குப் போட்ட சங்கிலி

அம்மா,

பெட்டியில் துணி தேடியபோது உன் சங்கிலி கையில் தட்டுப்பட்டது. மகளுக்கு வரும் மாதம் காது குத்து. மாமியார் பார்த்துவிட்டு, "சும்மாதான கெடக்குது, புள்ளைக்குப் போட்டு உடலாமல்ல?" என்றார். அது கடைசியாக யார் கழுத்தில் கிடந்தது என்று அவருக்குத் தெரியாது.

தங்கச்சிக்கு அப்போது நாலு வயது. வெண்ணந்தூர் வீட்டு வாசலில் அவளை மடியில் சாய்த்து, சாம்பலும் உப்பும் தொட்டு நீதான் பல் விளக்கிவிடுவாய். "முத்தாட்டம் இருக்குது பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாய். காட்டியதெல்லாம் முன்பல். அவளோ ஒரு பக்கமாகவே மென்றாள். வெல்லம் கேட்டு அழுவாள், கொடுத்தால் கடித்துவிட்டு அழுவாள். "புடிவாதக்காரி" என்று சிரிப்பாய். ஒருமுறை கடைவாயில் கறுப்பாக ஏதோ தெரிந்தபோது, "பால்பல்லுத்தான, உழுந்து மொளைச்சிரும்" என்றாய். ஊரில் எல்லா அம்மாக்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

பிறகு கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. பொன்னுக்கு வீங்கி என்றே நினைத்தோம். தங்கம் பட்டால் வற்றிவிடும் என்று உன் சங்கிலியைக் கழற்றி அவளுக்குப் போட்டாய். வீக்கம் கழுத்துக்கு இறங்கியது.

சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கன்னத்தை விலக்கிக் கடைவாய்ப் பல்லைக் காட்டினார். கறுத்த குழி. "பல்லுல புடிச்ச சீழும்மா, தொண்டைக்கு எறங்கிருச்சு. வாயைப் பாக்கவே இல்லையா?"

"தெனமும் நாந்தானுங்க பாக்கறேன்."

அவள் மூச்சு நின்ற பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாய். நர்ஸ் சங்கிலியைக் கழற்றி உன் கையில் வைத்தார்.

அப்புறம் தெருவில் எந்தக் குழந்தையைக் கண்டாலும் "ஆ காட்டு சாமி" என்பாய். பிள்ளைகள் உன்னைப் பார்த்தாலே ஓடின. அவர்களின் அம்மாக்கள் வாய்க்குள் சிரித்தார்கள். நீ கண்மூடும்வரை அந்தப் பழக்கம் ஓயவில்லை. பாழாய்ப்போன அந்தப் பல்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

சங்கிலி வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார், பெட்டியை மூடிவிட்டேன். மகளைச் சேலத்துப் பல் டாக்டரிடம் காட்டலாம் என்றால், "நோவே இல்லாத பல்லுக்கு டாக்டரா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். தினமும் மடியில் சாய்த்து, டார்ச் அடித்துக் கடைவாய் வரை பார்க்கிறேன். எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிகிறது, அம்மா. உனக்கும் முத்தாட்டந்தானே தெரிந்தது?