நடுங்கிய சாமி

இஞ்சாருங்கோ, என் நகுலாவின் அப்பா,

கலியாணம் முடித்த நாள் தொட்டு உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இன்றைக்கும் அப்படியே தொடங்குகிறேன். உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்கிறார்கள். செத்தவரின் பரம்பரையையும் பெருமையையும் பாட்டாகக் கட்டிச் சனத்துக்கு முன்னால் படிக்கிற புத்தகம்தானே அது. இந்தமுறை பாட்டு வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தாள் தட்டுப்பாட்டில் அச்சகக்காரர் கோடு போட்ட கொப்பித் தாளில்தான் அடிக்கிறார். வாசிக்கும்போது நீங்களும் வந்து கேளுங்கோ.

முதலில் செய்தியைச் சொல்கிறேன். உங்களைச் சாமி ஆக்கிவிட்டார்கள். உயிரோடு இருக்கும்போதே பாதி ஆக்கியிருந்தார்கள், இப்போது மீதியும் முடிந்தது. வளவு மாமரத்தடியில் நீங்கள் இருந்த இடத்தில் விளக்கு எரிகிறது. எண்ணெய் காணக் கிடைக்காத இந்தக் காலத்தில் உங்களுக்கு விளக்கு! நீங்கள் கோயிலுக்குப் போனதே திருவிழாவில் கச்சான் கடலை வாங்கத்தான். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தபோது உங்கள் வாயிலிருந்து வந்த மந்திரங்களை இந்தப் புத்தகத்தில் எழுத ஏலாது.

தெல்லிப்பழையை விட்டு ஓடிவந்து இந்தக் கொக்குவில் வளவில் ஒதுங்கியபோது, நாங்கள் ஒரு பிள்ளையைச் சண்டையில் இழந்தவர்கள் என்பது மட்டும்தான் இங்குள்ளவர்களுக்குத் தெரியும். குண்டு போடுகிற பொம்பர் விமானச் சத்தம் கேட்டால் எல்லாரும் விழுந்தடித்து, மண்ணுக்குள் வெட்டின பங்கருக்குள் ஓடுவார்கள். நீங்கள் மட்டும் மரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருப்பீர்கள். அங்கே தொடங்கியது வினை. தாடி வளர்ந்தது, சவரம் செய்ய பிளேட் இல்லாத ஊரில் யாருக்குத்தான் வளரவில்லை? கதைப்பதைக் குறைத்தீர்கள், மௌனம் என்றார்கள். மீனை விட்டீர்கள், விரதம் என்றார்கள். முள்ளெடுத்துத் தர நகுலா இல்லை என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

நடராசா அண்ணையை நினைவிருக்கும். கோயிலில் புராணம் படிக்கும்போது ஒவ்வொரு பாட்டுக்கும் கருத்து விளக்கிப் பயன் சொல்கிறவர். ஒருநாள் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நின்றார்.

"ஞானம் எண்டால் என்ன சாமி? அது கிடைச்சால் மனிசனுக்கு என்ன பயன்?"

"பொம்பர் வருகுது. உள்ளுக்கை போங்கோ."

அன்று பின்னேரம் கோயிலில் அதற்கு நீட்டி முழக்கி விளக்கம் சொல்லியிருக்கிறார். வெளியில் ஆயிரம் இரைச்சல் இருக்கும், மனிதா, நீ உனக்குள்ளே போ, இதுதான் சாமியின் உபதேசமாம். நான் வந்து சொல்ல, நீங்கள் இருமல் வரும்வரை சிரித்தீர்கள். தெல்லிப்பழையை விட்ட பிறகு நீங்கள் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நான் ஞானியில்லை, எனக்குப் பயம்" என்று நீங்களும் சொல்லிப் பார்த்தீர்கள். "பாத்தியளே, என்ன அடக்கம்!" என்றார்கள். அதற்கு மேல் நீங்கள்தான் என்ன செய்வீர்கள்?

இனி, ஒருவருக்கும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக் கேட்டீர்களே, அதைச் சொல்லப் போகிறேன். கோபிக்காதையுங்கோ. சொல்லாமல் விட்டால் இந்த வளவில் இன்னும் பிள்ளைகள் சாகும்.

எண்பத்தேழில் தெல்லிப்பழை வீட்டுக்குப் பின்னால், கோடிப்புறத்தில் நீங்களே ஒரு பங்கர் வெட்டினீர்கள். பனங்குத்தி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு, இரண்டு தரம் ஏறி நின்று குதித்துப் பார்த்தீர்கள். மாரி தொடங்கிவிட்டது. ஷெல் வரத் தொடங்கியபோது நகுலா கிணற்றடியில் நின்றாள். "ஓடு பிள்ளை, உள்ளுக்கை போ" என்று கத்தினீர்கள். சொன்னபடி ஓடினாள். நான் அடுப்பிலிருந்து சோற்றை இறக்கிக்கொண்டிருந்தேன்.

ஷெல் பக்கத்துத் தோட்டத்தில்தான் விழுந்தது. மழையில் ஊறிய மண் தாங்கவில்லை. பங்கர் அப்படியே இடிந்து இறங்கிவிட்டது. மண்வெட்டி பிள்ளையில் பட்டுவிடும் என்று கையாலேயே தோண்டினீர்கள். வெளியே எடுத்தபோது அவள் உடம்பில் ஒரு கீறல் இல்லை. வாய் நிறைய மண்.

அதன்பிறகு நீங்கள் எந்தப் பங்கருக்குள்ளும் இறங்கவில்லை. உங்களால் இயலவில்லை. மாமரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டது பங்கர் வாசல் கண்ணில் படாமல் இருக்கத்தான். இதைத்தான் சனம் தியானம் என்றது.

நானும் அவளைப் பெற்றவள்தானே? நான் இறங்கினேன். நாலு வருஷமாக அந்த இருட்டுக்குள் குந்தியிருந்து, மேலே உங்களுக்கு என்ன நடக்கிறதோ என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். "இஞ்சாருங்கோ, எனக்காக ஒருக்கால் வாருங்கோ" என்று எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன். மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டுவீர்கள். செத்தவர்களோடு கோபிக்கக் கூடாது என்கிறார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

எனக்காக வராத மனிசன் பவளத்தின் பிள்ளைக்காக இறங்கினீர்கள்.

பவளம் அடுத்த வீட்டுப் பிள்ளை. புருஷன் கொழும்பில் அகப்பட்டு நிற்க, கவிதாவையும் சின்னவனையும் வைத்துக்கொண்டு தனியே பாடுபடுகிறவள். அன்று காலை பொம்பர் இரையும்போது அவள் பங்கர்ப் பக்கம் வரவில்லை. இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்து உங்கள் காலடியில் இருந்தாள்.

"எழும்பு பிள்ளை, பங்கருக்கை போ."

"உங்களுக்குப் பக்கத்திலை இருந்தால் எங்களுக்கு ஒண்டும் வராது சாமி."

"எனக்கு ஒரு சக்தியும் இல்லை. நான் பயத்திலை இருக்கிறன்."

"உங்களுக்கோ பயம்?" அவள் சிரித்தாள்.

பொம்பர் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. நான் பங்கர் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். நீங்கள் பவளத்தைப் பார்த்தீர்கள், கவிதாவைப் பார்த்தீர்கள். பிறகு எழும்பி அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தீர்கள். "வா. நானும் வாறன்."

நீங்கள் நடந்து வந்ததை நான் பார்த்தேன். முழங்கால் இரண்டும் ஆடின. வேட்டி நனைந்திருந்தது. எல்லாருக்கும் முன்னால் இதை ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். எழுதத்தான் வேண்டும். முதல் படியில் கால் வைத்துவிட்டுப் பின்வாங்கினீர்கள், திரும்பவும் வைத்தீர்கள். உள்ளே வந்து என் பக்கத்தில் குந்தி, மண்சுவரைக் கையால் தடவிக்கொண்டு, "நகுலா, அப்பா வந்திட்டன்" என்றீர்கள். அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

பவளமும் சின்னவனும் இன்னும் வெளியில்தான் நின்றார்கள். சாமியே பங்கருக்குள் போனதில் அவளுக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. நீங்கள் திரும்ப மேலே ஏறி அவளைப் பிடித்து உள்ளே தள்ளினீர்கள். இரண்டு பேரும் என் மடியில் வந்து விழ, குண்டு பின் ஒழுங்கையில் விழுந்தது. நீங்கள் படியிலேயே சரிந்தீர்கள். பிடரியில் இருந்த காயத்தை ஒரு விரலால் மூடலாம்.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவன்று நடராசா அண்ணை வந்தார். "சாமி குண்டைத் தன்ரை உடம்பிலை வாங்கிக்கொண்டு போட்டார். சாம்பலிலை ஒரு பிடி தா தங்கச்சி. மாமரத்தடியிலை வைச்சு லிங்கம் நாட்டுவம்." கண்ணீரோடுதான் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. எல்லாம் பறிபோன சனத்துக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும், அது எனக்கும் விளங்குகிறது.

ஆனால் போன கிழமை பொம்பர் வந்தபோது பங்கருக்குள் நான் தனியே இருந்தேன். மற்றவர்கள் எல்லாரும் பிள்ளைகளோடு மாமரத்தடியில். கத்தினேன், ஒருவரும் அசையவில்லை. "சாமி இருந்த இடம் மாமி, அங்கை ஒண்டும் வராது" என்றாள் பவளம். அன்று குண்டு வேறெங்கோ விழுந்தது. அடுத்த முறை?

அண்ணையிடம் கேட்டேன். "நீங்கள் பயன் சொல்லுற ஆள். சொல்லுங்கோ, ஞானம் எண்டால் என்ன?"

"பயம் அற்றுப் போற நிலை தங்கச்சி."

"அப்ப இவருக்கு ஞானம் வரேல்லை. பயந்து நடுங்கித்தான் செத்தவர்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பயமில்லாமல் இருப்பதுதான் ஞானம் என்றால், அன்று பயமில்லாமல் இருந்தவன் மேலே பொம்பரை ஓட்டினவன்தான். அவனுக்குக் கிடைத்ததை வைத்து நான் என்ன செய்ய? உங்களுக்கு அந்தப் படியில் என்ன தெரிந்தது? ஒரு பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அதை உள்ளே விடவேண்டும் என்பதைத் தவிர ஏதாவது தெரிந்ததா? அதற்குப் பெரியவர்கள் ஏதாவது பெயர் வைத்திருக்கிறார்களா? உள்ளே, அந்தச் சுவரைத் தடவினபோது, நகுலா ஏதும் சொன்னாளா?

நேற்றுப் பவளம் கவிதாவையும் கூட்டிக்கொண்டு விளக்கேற்ற வந்தாள். பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றது.

"ஆச்சி, சாமி அப்புவின்ரை கை ஏன் அப்பிடி நடுங்கினது?"

"விசர்க் கதை கதையாதை" என்று தாய் அதட்டினாள். "சாமி நடுங்கமாட்டார்."

"ஓம் பிள்ளை, நடுங்கினவர்" என்றேன் நான். "நல்லாய் நடுங்கினவர்."

கவிதா என் சேலையைப் பிடித்தாள். "அப்ப நானும் பயப்படலாமோ ஆச்சி?"

பவளம் கையிலிருந்த திரியைக் கீழே போட்டுவிட்டாள். அவளை அங்கேயே இருத்தி, நகுலாவின் கதையை முழுதாகச் சொன்னேன். தெல்லிப்பழையை விட்ட பிறகு அதை வாய்திறந்து சொன்னது அதுதான் முதல்தரம். இரண்டு பேரும் குழறி அழுதோம். பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாம்பல் கரைக்கக் கீரிமலைக் கடலுக்குப் போக இப்போது வழியில்லை. மகன் முறையான பெறாமகன் உங்கள் சாம்பலைக் குருநகர்க் கடலில் கரைப்பான். ஒரு பிடிகூட இந்த வளவில் தங்காது. மாமரத்தடி விளக்கை இன்று காலை எடுத்துப் பங்கருக்குள்ளே, அந்தக் கடைசிப் படிக்குக் கீழே வைத்துவிட்டேன். உங்களைக் கும்பிட வேண்டுமென்றால் இனி எல்லாரும் இறங்கி வந்துதான் கும்பிடவேண்டும்.

இனிப் பொம்பர் வரும்போது நான் முதலில் மாமரத்தடிக்குப் போவேன். அங்கே இருக்கிற ஒவ்வொரு பிள்ளையையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன். என் கையும் நடுங்கும். நடுங்கட்டும். எல்லாரையும் உள்ளே விட்டுவிட்டுத்தான் நான் இறங்குவேன், இது நீங்கள் சரிந்த படியின் மேல் சத்தியம்.

நீங்கள் அவளுக்குப் பக்கத்தில் இருங்கோ. இருட்டென்றால் அவளுக்கும் பயம்.

உங்கள்
நகுலாவின் அம்மா