இரண்டு அறைக்கு இரண்டு பெட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் அப்பா சொந்தக் கையால் எழுதுவது. கீழ்வீட்டு டெய்லரைக் கெஞ்சி எழுதி வாங்கியதல்ல. சந்தேகமாக இருந்தால் எழுத்தைப் பார். இவ்வளவு பெரிதாகவும் இவ்வளவு கோணலாகவும் வேறு யார் எழுதுவார்கள்? நாங்கள் இங்கே நலமாக இருக்கிறோம். இதையே போனில் உன்னிடம் சொன்னபோதெல்லாம் அது முழு உண்மை இல்லை. இன்று முழு உண்மை. அதனால்தான் அதை முதலில் எழுதினேன்.

மாப்பிள்ளையும் குட்டியும் சுகமா? பால் குடித்ததும் குட்டிக்கு விக்கல் வருகிறது என்றாயே, நின்றதா? தோளில் போட்டு மெதுவாகத் தட்டிக்கொடு. உனக்கும் அப்படித்தான் வந்தது.

மாலை வகுப்புக்கு விடாமல் போகிறேன். நூலகத்து மாடியில் நடக்கிறது. டீச்சருக்கு உன் வயதுதான் இருக்கும். என் பக்கத்தில் லாரி ஓட்டிய பெரியவர் ஒருவர் உட்காருகிறார். நான் எழுதுவதை எட்டிப் பார்த்து எழுதுவார். டீச்சர் கேட்டால், "என்னம்மா செய்யறது, சைடு கண்ணாடியைப் பார்த்துப் பார்த்தே பழகிப்போச்சு" என்பார். நான் இப்போது பஸ்ஸின் பலகையை யாரிடமும் கேட்காமல் படிக்கிறேன். கடைப் பலகைகளையும் விடுவதில்லை. வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடக்கிறேன் என்று உன் அம்மா என்னோடு தெருவில் வர மறுக்கிறாள். யாருக்காவது ஒரு கடிதம் எழுதி வாருங்கள், திருத்தித் தருகிறேன் என்று டீச்சர் சொன்னார். எழுதுகிறேன், ஆனால் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உனக்கு முன்னால் இதை வேறு யாரும் படிக்கக் கூடாது.

இனி உன் அம்மா விஷயம். பயப்படாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகுதான் எழுதுகிறேன்.

நீ பிள்ளை பெற்ற சமயத்தில் அவள் வரவில்லை. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாள். பிறகு நீ குட்டியின் பக்கத்தில் போனை வைத்து அழுகையைக் கேட்கச் சொன்னபோதும், "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு என்னிடம் போனைத் தந்துவிட்டாள். அன்று நீ என்னிடம் கேட்டாய், "அம்மாவுக்கு என் பிள்ளை மேல ஆசையே இல்லையாப்பா?" உண்மையைச் சொல்லக் கூடாது என்று உன் அம்மா எதிரிலேயே உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குக் காது கேட்கவில்லை, பாப்பா. இரண்டு காதிலும் நீர் கோத்துக்கொண்டு அடைத்துவிட்டது. விமானத்தில் ஏறவே கூடாது என்று காது டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ முகத்தைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறவள். வீட்டுக்கு வந்து போகிற யாருக்கும் தெரியவில்லை. போனுக்கு முகம் இல்லையே. அதனால்தான் உன்னிடம் மட்டும் மாட்டிக்கொண்டாள். "பச்சை உடம்புக்காரி, இதைக் கேட்டா சாப்பிட மாட்டா. எனக்குக் காது சரியாகுற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க" என்று சொல்லி என் வாயைக் கட்டிவிட்டாள். மருந்திலேயே இடது காது திறந்துகொண்டது. வலது காதுக்கு ஆபரேஷன் செய்தார்கள்.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். உன் அம்மா ஒன்றைக்கூட விடாமல் அழுத்தினாள். நான் வெளியே நின்று பூரித்துப்போனேன். பிறகுதான் தெரிந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணின் கையையும் முகத்தையும் பார்த்து அழுத்தியிருக்கிறாள். "சும்மா உட்கார்ந்திருந்தா அந்தப் பொண்ணு வருத்தப்படுவாளேன்னு பார்த்தேன்" என்றாள். டாக்டருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அடுத்த வாரம் மறுபடி வரச் சொன்னார். அதுவரை வீட்டில் ஒன்று செய்து பாருங்கள் என்றார். கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பக்கமும் சத்தம் வைத்து, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கையைக் காட்டச் சொல்ல வேண்டுமாம். ஒற்றைக் காதால் கேட்கிறவர்களுக்குச் சத்தம் கேட்குமே தவிர, அது வரும் திசை சரியாகப் பிடிபடாதாம்.

இரண்டு பக்கமும் சத்தத்துக்கு எங்கே போவது? அப்போதுதான் நம் ஸ்டீரியோ செட் நினைவுக்கு வந்தது.

உனக்கு அது வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? நான் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தேன். ஒரு வங்கி அதிகாரி குடும்பத்தோடு வெளியூர் போனபோது, இதற்கு அங்கே இடமில்லை, நீயே வைத்துக்கொள் என்று தந்துவிட்டார். ஊரில் உள்ளவர்கள் செட்டையெல்லாம் தோளில் சுமந்திருக்கிறேன். நம் வீட்டு மாடிப்படியில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறியது அதுதான் முதல் தடவை. அன்று அது கனக்கவே இல்லை. கேசட் போடும் பெட்டி ஒன்று, பாட்டு வரும் பெட்டி இரண்டு. கூடவே ஒரு புத்தகமும் இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது, நீயும் அப்போது எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாய். இரண்டு பெட்டி இருந்தால் இரண்டு அறைக்கு என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஒயரும் நல்ல நீளம். ஒன்றை முன்னறையில் பீரோ மேல் வைத்தேன். உன் அம்மாவுக்கு ஓர வஞ்சனை செய்யக் கூடாது என்று இன்னொன்றைச் சமையலறை அலமாரியில் வைத்தேன். எண்ணெய்ப் புகை படக் கூடாது என்று அவள் அதற்குத் தலையணை உறையில் சட்டை தைத்துப் போட்டாள். அதற்குப் பிறகு யாரும் அதை அசைக்கவில்லை.

நம் மழைப் பாட்டு உனக்குத் தெரியும். ஆண் பாட, பெண் பதில் பாடுவாள். எனக்கு அவன் குரல் பக்கத்திலும் அவள் குரல் தூரத்திலும் கேட்கும். முன்னறையில் புருஷன் பாடுகிறான், சமையலறையிலிருந்து பெண்டாட்டி பதில் பாடுகிறாள், அப்படி எடுத்த பாட்டு என்றே நம்பினேன். எவ்வளவு யோசித்து எடுத்திருக்கிறார்கள் என்று வியந்ததும் உண்டு. நடுவில் ஒரு புல்லாங்குழல் வரும், மெல்லிசாக. அதைச் சொன்னால் உன் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். "அந்தப் பாட்டுல ஏதுங்க புல்லாங்குழல்? நீங்க தூங்கிக் கனவு கண்டிருப்பீங்க" என்பாள். வருஷக்கணக்காக இந்தச் சண்டை நடந்தது.

செட்டில் கேசட்டைச் சுற்றும் ரப்பர் பெல்ட் இறுகிக் கெட்டுப்போயிருந்தது. தெருமுனை டிவி மெக்கானிக் வந்து மாற்றித் தந்தார். சமையலறைப் பெட்டி சட்டையோடு இருப்பதைப் பார்த்தார். ஒயர் போகும் வழியைப் பார்த்தார். "யார் ஐயா இதை இப்படிப் பிரிச்சு வச்சது? ரெண்டையும் ஒரே ஆள் கேட்கணும்" என்றார். பாட்டைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு பெட்டிக்கும் அனுப்புவார்களாம். இத்தனை காலமும் ஆளுக்குப் பாதிதான் கேட்டிருக்கிறோம்.

கேசட்டுகளை எடுத்தேன். முன்பெல்லாம் நான் வைத்த பெயிண்ட் புள்ளியைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். இப்போது நீ சின்னக் கையால் எழுதிவைத்ததைப் படித்தேன். ஒன்றில் ‘அப்பா குறட்டை விடும் பாட்டு’ என்று எழுதியிருக்கிறாய். இது தெரியாமல் அதை எத்தனை பேர் கையில் கொடுத்திருக்கிறேன். இருக்கட்டும், உன்னை நேரில் பார்க்கும்போது கேட்டுக்கொள்கிறேன்.

சமையலறைப் பெட்டியை இடது பக்கமும் என் பெட்டியை வலது பக்கமும் வைத்து, நடுவில் உன் அம்மாவை உட்காரவைத்தேன். கண்ணை மூடச் சொன்னேன். நம்பிக்கை இல்லாமல் துண்டால் கட்டிவிட்டேன். மழைப் பாட்டைப் போட்டேன். பெண் குரல் வந்தது, இடது கையைக் காட்டினாள். அது நல்ல காது. ஆண் குரல் வந்தது. கை எழவில்லை. மடியிலேயே இருந்தது. செட்டின் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றேன். பிறகு அந்தப் புல்லாங்குழல் வந்தது. அவள் தலை மெதுவாகத் திரும்பியது. வலது கை எழுந்து என் பெட்டியைக் காட்டியது. "ஏங்க, இந்தப் பக்கத்துல யாரோ புல்லாங்குழல் ஊதுறாங்க" என்றாள்.

அவன் குரலுக்கு ஏன் கை காட்டவில்லை என்று கேட்டேன். "அந்தக் குரல் எப்பவும் நீங்க இருக்கிற பக்கந்தானே வரும், அதையும் காட்டணுமா?" என்றாள். துண்டை அவிழ்த்தேன். அது நனைந்திருந்தது. ஆனால் என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. "இவ்வளவு நல்லா இருக்கிறதை எனக்குக் கொடுக்காம இத்தனை வருஷமா நீங்களே வச்சுக்கிட்டீங்களா?" என்றாள். அந்தத் திட்டு எனக்குப் பாட்டைவிட நன்றாக இருந்தது. இரண்டாவது சோதனையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காரவைத்தார்கள். காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் புரிந்தது. நீ எப்போதும் முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே, நடையில் குப்புறப் படுத்துத்தான் வீட்டுப்பாடம் எழுதுவாய். "வழியில படுக்காதே, கால் இடறுது" என்று அம்மா திட்டுவாள். எவ்வளவு திட்டினாலும் நீ நகர மாட்டாய். இந்த வீட்டில் பாட்டை முழுசாகக் கேட்டவள் நீ ஒருத்திதான்.

பென்சில் தேய்ந்துவிட்டது. கையும் வலிக்கிறது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இது கைக்கு வந்ததும் போன் செய். என்னிடம் பேச வேண்டாம், அம்மாவைக் கூப்பிடு. குட்டி பக்கத்தில் போனை வை. அது அழுதால் உடனே தூக்கிச் சமாதானப்படுத்திவிடாதே. கொஞ்ச நேரம் அழட்டும். அவள் வலது காதில் வைத்துக் கேட்கக் காத்திருக்கிறாள்.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நூறு வயது சுகமாக இருங்கள். இரண்டு பெட்டிகளும் அவற்றுக்கு நடுவில் கொஞ்சம் இடமும் அப்படியே இருக்கின்றன.

இப்படிக்கு,
தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்தும்
உனக்கு எப்போதும் போல்
அப்பா