கறிவேப்பிலை என்றால் கையை எடு

என் உயிரான மேரி அக்காவுக்கு,

நாம் வேலைக்கு வந்த இந்த அயல்நாட்டுப் பூ மி ஹங்கில் இன்று நல்ல மழை. அலுவலகத்தில் உங்கள் நாற்காலியில் புது ஆளை உட்கார வைத்துவிட்டார்கள். வேலை பார்த்தபடியே மேசையில் சாய்ந்து போய்ச் சேர்ந்த உங்களுக்கு ஒரு பூவளையம், கொஞ்ச நேர மௌனம். அவ்வளவுதான்.

இதை ஊரே படிக்கட்டும். ஞாயிறு மதியங்களில் என் வீட்டு வரவேற்பறை விண்கப்பலாக மாறும். வேலையில் எனக்கு மேலதிகாரியான நீங்கள், அங்கே சொன்னதைக் கேட்கும் இயந்திரப் பெண், நான் கேப்டன். நீலக் கயிற்றால் உங்கள் கைகளைக் கட்டுவேன், மண்டியிடச் சொல்வேன். வருகிற எல்லோரும் வயது வந்தவர்கள், எல்லாம் முன்கூட்டியே பேசிச் சம்மதித்தது. யாராவது "கறிவேப்பிலை" என்றால் அந்த நொடியே அத்தனை பேரும் கையை எடுத்துவிட வேண்டும். காரைக்கால்காரியான நீங்கள் தேர்ந்தெடுத்த சொல் அது. நம்மோடு வேலை பார்க்கும், ஞாயிறுதோறும் கப்பலிலும் ஏறும் லின்னுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லும் அதுதான். அதைச் சொல்லிப் பழக என்ன பாடுபட்டாள்!

உங்கள் கடைசி ஞாயிறு நினைவிருக்கிறதா? கை கட்டுண்டிருக்கும்போது அலுவலகத்திலிருந்து போன். "அடியே பூங்கொடி, எடுத்து என் காதுல வையேன்" என்றீர்கள். கட்டிய கையோடு, "இதோ இப்பவே அனுப்பிடுறேன் சார்" என்று இயக்குநரிடம் குழைந்தீர்கள். எங்களிடம் சொல்ல உங்களுக்கு இருந்த அந்தச் சொல், அவரிடம் சொல்ல ஏன் இல்லாமல் போயிற்று அக்கா?

நம் ஞாயிறு விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. நேற்றுக் கூட்டத்தில், இனி ஞாயிறும் எல்லோரும் வர வேண்டும் என்று ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "அவங்க உடம்பு கெட்டதே அந்த அசிங்கத்தாலதான். அந்தக் கூத்தெல்லாம் இதோட நிறுத்திக்கங்க. இல்லன்னா வேற வேலை பாத்துக்கங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எது அசிங்கம்? "உங்களால் முடியுமா" என்று ஒரு தடவையாவது உங்களைக் கேட்டிருப்பாரா அந்த மனிதர்? நாங்கள் ஒவ்வொரு முடிச்சுக்கும் கேட்டோமே!

எழுந்து நின்றேன். "கறிவேப்பிலை" என்றேன்.

அவர் திருதிருவென்று விழித்தார். லின் மட்டும் பழக்கதோஷத்தில் சட்டென்று விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். நான் அவளைப் பார்த்தேன். எடுத்த கையை அவள் திரும்ப வைக்கவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

இரண்டு பேருக்கும் வேலை போய்விட்டது, அக்கா. என் விசாவும் இனி எத்தனை நாளோ. அதற்காகச் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க மாட்டேன்.

வரும் ஞாயிறும் கப்பல் கிளம்பும். உங்கள் நீலக் கயிற்றால் வேறு யாரையும் கட்ட மாட்டேன். வாசலில் செருப்பு விடும் இடத்திலேயே போனையும் விட்டுவிட்டுத்தான் இனி யாரும் உள்ளே வர வேண்டும். இது கேப்டனின் கட்டளை. உங்கள் மேல் சத்தியம்.

உங்களைக் கேட்டுக் கேட்டுக் கட்டிய,
கூடப் பிறக்காத தங்கை
பூங்கொடி